வயிற்றுக்குள் ஒரு வம்சாவளி

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் தெரியுமா? நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அவருடைய முன்னோர் எந்தத் திசையிலிருந்து கிளம்பி வந்தார்கள் என்று கேட்டால் சுத்தம். ஆனால், உங்கள் வயிற்றுக்குள் குடியிருக்கும் ஒரு கிருமியைக் கேட்டால் ஓரளவு சொல்லிவிடும்!

கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. வாய் சுளுக்கினால் பைலோரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் இது இருக்கிறது. பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. சிலருக்கு அல்சர். இன்னும் சிலருக்கு, பல வருடம் கழித்து, இரைப்பைப் புற்றுநோய்.

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது, அல்சருக்குக் காரணம் கவலையும் காரமும்தான் என்று டாக்டர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர் 1982-ல் இந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். ஈஸ்டர் லீவில் தட்டுகளைக் கவனிக்க ஆளில்லாமல் கூடுதலாகச் சில நாள் கிடந்ததால்தான் கிருமி வளர்ந்தது என்பது தனிக் கூத்து. யாரும் நம்பத் தயாரில்லை. 1984-ல் மார்ஷல் கிருமிக் கரைசலை மடக்கென்று குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

அது வைத்தியக் கதை. நமக்கு வேண்டியது சரித்திரம்.

இந்தக் கிருமி ஃப்ளூ மாதிரி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் தும்மி வருவதில்லை. பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே, முக்கியமாக அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. வந்தால், மருந்து கொடுத்து விரட்டாத வரை ஆயுசுக்கும் போகாது. காமர்ஸ் படித்தவனுக்கு இது சுலபமாகப் புரிகிறது. போன வருஷத்து க்ளோசிங் பாலன்ஸ்தான் இந்த வருஷத்து ஓபனிங் பாலன்ஸ். அம்மாவின் கணக்கு பிள்ளையின் கணக்கில் ஏறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கிருமியின் மரபணுவில் சின்னச் சின்ன எழுத்து மாற்றங்கள். ஒரே வயிற்றில் இரண்டு வகைக் கிருமிகள் சந்தித்தால், துண்டு துண்டாக மரபணுவைப் பண்டமாற்று வேறு செய்துகொள்ளும்.

இந்தப் பேரேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டினால்?

பெர்லினின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தில் மார்க் ஆக்ட்மன், டேனியல் ஃபாலுஷ் போன்றவர்கள் புரட்டினார்கள். 27 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்தவர்களின் வயிற்றிலிருந்து எடுத்த 370 கிருமிகளை ஒப்பிட்டு 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்கக் கிருமி வேறு, கிழக்காசியக் கிருமி வேறு, ஐரோப்பியக் கிருமி வேறு. அமெரிக்கக் கறுப்பர்களின் வயிற்றில் மேற்கு ஆப்பிரிக்க வகை. அடிமைக் கப்பலில் வந்தவர்களின் பெயரை மாற்றினார்கள், மொழியைப் பறித்தார்கள். கிருமியை யாராலும் பறிக்க முடியவில்லை.

2007-ல் இன்னொரு ஆய்வு. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூரம் போகப் போக, கிருமியின் வகைகளுக்குள் வேறுபாடு குறைந்துகொண்டே போகிறது. மனிதனின் மரபணுவிலும் அப்படித்தான். கிளம்பிய இடத்தில் பெரிய கூட்டம். அதிலிருந்து பிரிந்து பிரிந்து போனவை சின்னக் கூட்டங்கள். அவர்கள் கணக்குப்படி சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன் நம் ஆள் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோதே பைலோரியும் கூடவே புறப்பட்டுவிட்டது.

(சிங்கம், புலி, சிறுத்தை வயிற்றிலும் இதன் பங்காளி ஒன்று உண்டு. அது மனிதனிடமிருந்து போனதுதான் என்கிறார்கள். எப்படிப் போயிருக்கும்? அதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. யார் யாரைச் சாப்பிட்டார்கள் என்று யோசித்தால் போதும்!)

இப்போது ஆல்ப்ஸ் மலைக்கு வாருங்கள். 1991-ல் ஆஸ்திரியா - இத்தாலி எல்லையில் பனிக்குள்ளிருந்து ஒரு உடல் கிடைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஓட்ஸி. சுமார் 5,300 வருடத்துக்கு முன்னால், முதுகுப் பக்கமிருந்து வந்த அம்பு தோளில் தைத்துச் செத்தவர். அவருடைய இரைப்பை எங்கே என்றே ரொம்ப நாள் தெரியவில்லை. ஸ்கேன் படங்களை மறுபடி அலசியபோதுதான், விலா எலும்புக்கு அடியில் ஏறி ஒளிந்திருந்தது தெரிந்தது. உள்ளே கடைசிச் சாப்பாடு, மலையாட்டுக் கறி, அப்படியே இருந்தது. கூடவே பைலோரியும்!

2016-ல் அதன் மரபணுவைப் படித்து முடித்தார்கள். இன்றைய ஐரோப்பியரின் கிருமி ஒரு கலப்படம். பாதி ஆசியச் சாயல், பாதி ஆப்பிரிக்கச் சாயல். ஓட்ஸியும் அப்படித்தான் இருப்பார் என்று எதிர்பார்த்தார்கள். ம்ஹூம். ஏறக்குறைய முழுக்க ஆசியச் சாயல். அதன் நெருங்கிய சொந்தம் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? வட இந்தியாவில். உடனே, 'ஓட்ஸி நம்ம ஊர்க்காரர்' என்று போஸ்டர் அடித்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவியிருந்த பழைய வகை, ஐரோப்பாவில் பிற்பாடு கலந்துபோயிற்று. இங்கே மிஞ்சியிருக்கிறது. ஆப்பிரிக்கச் சாயலில் பெரும்பகுதி ஓட்ஸிக்குப் பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

ஆள் போனால்தான் கிருமி போகுமா? 2022-ல் அதே ஃபாலுஷ் குழுவினர் இன்னொரு கோணத்தைச் சொன்னார்கள். ஆப்பிரிக்கக் கிருமியில் பழுதான மரபணுக்கள் குறைவு. கொஞ்சம் பேர் கொண்டுவந்தாலே போதும், நல்ல சரக்கு என்று உள்ளூர்க் கிருமிகள் அள்ளிக்கொண்டிருக்கலாம். ஆகவே, கிருமியின் சாட்சியை அப்படியே தீர்ப்பாக எழுதிவிட முடியாது. குறுக்கு விசாரணை தேவை.

'சரி, பழங்கதை. இதனால் யாருக்கு என்ன?' என்கிறீர்களா?

தென் அமெரிக்காவில் கொலம்பியா. அதன் தெற்கு ஓரம் நரின்யோ என்ற மாகாணம். கடலோரம் டுமாக்கோ. சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, ஆண்டிஸ் மலைமேல் டூக்கெரெஸ். இரண்டு ஊரிலும் பத்தில் ஒன்பது பேருக்கு பைலோரி இருக்கிறது. ஆனால், இரைப்பைப் புற்றுநோய்? கடலோரத்தில் லட்சத்துக்கு சுமார் 6 பேர். மலையில் லட்சத்துக்கு சுமார் 150 பேர். இருபத்தைந்து மடங்கு!

பெலாயோ கொரியா என்ற கொலம்பிய டாக்டர் இந்தப் புதிரோடு பல வருடம் மல்லுக்கட்டினார். சாப்பாடு, குடல் புழு என்று பல காரணங்கள் அலசப்பட்டன. அவருடைய குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள், கிருமிகள் இரண்டு பேரின் பூர்வீகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

கடலோர மக்களில் பெரும்பாலோர், ஸ்பெயின்காரன் தங்கச் சுரங்கத்துக்கு ஓட்டி வந்த ஆப்பிரிக்க அடிமைகளின் வாரிசுகள். அவர்களுக்குள் இருப்பதும் பெருமளவு ஆப்பிரிக்கக் கிருமி. ஆயிரக்கணக்கான வருடம் சேர்ந்து வாழ்ந்து, சண்டை போட்டு, சமரசமாகிவிட்ட ஜோடி. மலைவாசிகளோ பெரும்பாலும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் வாரிசுகள். அவர்களுடைய முன்னோரும் சொந்தக் கிருமியோடுதான் வந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டுப் படையெடுப்புக்குப் பிறகு, தென் அமெரிக்காவின் பெரும்பகுதியில் அந்தச் சொந்தக் கிருமியை வெளியூர்க் கிருமி துரத்திவிட்டது. டூக்கெரெஸ்காரர்களின் வயிற்றில் இப்போது இருப்பது ஐரோப்பியக் கலப்புக் கிருமி, அதில் கொஞ்சம் ஆப்பிரிக்கத் துண்டுகள். பூர்வகுடி ரத்தம் அதிகமுள்ள உடம்பில் அந்த ஆப்பிரிக்கத் துண்டுகள் கூடக் கூட, இரைப்பைப் புண்ணின் தீவிரமும் கூடியது. அதே துண்டுகள் டுமாக்கோக்காரர் வயிற்றில் சாது.

இதைப் பிடித்துக்கொண்டு 'இனக்கலப்பே தப்பு' என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். அந்த மக்கள் யாரும் விரும்பி அங்கே கலக்கவில்லை. வாளும் விலங்கும் கலக்கவைத்தன. கிருமியையோ இரண்டு வார மாத்திரையில் விரட்டலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஊரில் பத்துக்கு ஒன்பது பேரிடம் கிருமி இருக்கும்போது எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால், மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும். யாருக்கு முதலில் கொடுப்பது? கிருமி இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் சொல்லும் பரிசோதனை டுமாக்கோவிலும் டூக்கெரெஸிலும் ஒரே பதிலைத்தான் தரும். அந்தக் கிருமி எந்தக் கப்பலில் வந்தது என்பதையும் டாக்டர் கேட்டாக வேண்டியிருக்கிறது.