கோவிவன் எங்கள் வீட்டுக்கு வந்த கதை



என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு ஒரு வசவு கட்டாயம் நினைவிருக்கும். வீட்டுப்பாடம் எழுதாதவன், ஆண்டைத் தப்பாகச் சொன்னவன், எல்லோருக்கும் ஒரே அர்ச்சனைதான்: "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு." முப்பத்திரண்டு வருடம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆனால் ஒரு நாய்க்குட்டியின் பின்னால் போய்த்தான் அந்த இடத்துக்கு வர முடியும். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தை மாதம் என் மகன் எங்கள் ஆவடி வீட்டுக்கு ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐம்பது நாள் குட்டி. காது இரண்டும் மடங்கி, பாதம் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. பார்த்ததுமே என் மனைவி "அல்சேஷன்" என்றாள். முதல் உலகப் போருக்குப் பிறகு 'ஜெர்மன்' என்ற சொல்லையே கேட்கப் பிடிக்காத பிரிட்டிஷ்காரர்கள், எல்லையில் இருக்கும் அல்சேஸ் பகுதியின் பெயரை இந்த நாய்க்குச் சூட்டிவிட்டார்கள். அங்கே 1977இல் பழைய பெயரைத் திரும்பக் கொடுத்தாயிற்று. நம் வாயில் மட்டும் அது இன்னும் அல்சேஷன்தான்.

ஷெப்பர்ட் என்றால் மேய்ப்பன் என்று பேத்திக்குச் சொன்னேன். "அப்போ ஆடு எங்கே தாத்தா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எட்டாம் வகுப்பில் ஒருவர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

ஆடு போனதில்தான் இந்த நாயின் வரலாறே இருக்கிறது. ஜெர்மனியில் வயல்களுக்கு வேலி கிடையாது. அறுத்த நிலத்திலும் வரப்போரத்திலும் ஆட்டை மேய விடுவார்கள். பக்கத்திலேயே பயிர் நிற்கும். அந்த எல்லையில் ஒரு நாய் காலையிலிருந்து மாலைவரை ஒரே சீராக மேலும் கீழும் நடக்கும். கோட்டைத் தாண்டும் ஆட்டை லேசாகக் கவ்வி உள்ளே தள்ளும். ஒவ்வொன்றுக்கும் மேய்ப்பன் ஆணையிட வேண்டியதில்லை. கால் முளைத்த வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கோலி நாயின் வேலை வேறு. அது தூரத்தில் சிதறிக் கிடக்கும் மந்தையை வளைத்துச் சுற்றி, முறைத்துப் பார்த்தே ஓட்டி வந்துவிடும்.

மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899 ஏப்ரலில் கார்ல்ஸ்ரூஹ நகரத்து நாய்க் கண்காட்சியில் ஒரு மேய்ச்சல் நாயைப் பார்த்து அங்கேயே வாங்கினார். அதற்கு ஹோராண்ட் என்று பெயர் வைத்தார். அதே மாதம் 22ஆம் தேதி ஒரு சங்கம் தொடங்கி, ஹோராண்டை இந்த இனத்தின் முதல் நாயாகப் பதிவு செய்தார். அழகைவிட அறிவும் உழைப்பும்தான் முக்கியம் என்பது அவர் கட்சி. ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. மந்தைகள் குறைந்தன. வேலை போய்விட்டால் இந்த இனம் கெட்டுவிடும் என்று பயந்து, போலீசுக்கும் ராணுவத்துக்கும் இதைச் சிபாரிசு செய்தார். போரில் தகவல் சுமந்து ஓடியது. 1916இல் ஓல்டன்பர்க் நகரத்தில், போரில் கண்ணிழந்தவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி திறந்தார்கள். நாம் சினிமாவில் பார்த்துப் பயந்த போலீஸ் நாயின் முன்னோர் வரப்போரம் நடந்தவை.

எங்கள் குட்டிக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. ஆனால் அதன் காலுக்குத் தெரிந்திருக்கிறது. வந்த மூன்றாம் வாரம் பேத்தி கூடத்தில் ஓடினாள். பின்னாலேயே ஓடி அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. விளையாட்டுதான். ஆனால் குட்டிப் பல் ஊசி மாதிரி, ரத்தம் வந்துவிட்டது. குழாயடியில் பதினைந்து நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குட்டிக்கு வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில்தான் போடுவார்கள், அதுவரை காத்திருந்து பார்க்கக் கூடாது. கையில் ஊசி, காயத்தைச் சுற்றி ஊசி. குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் வந்ததையும், எங்கள் காலத்தில் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டதையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். "தாத்தா, இப்போ வேண்டாம்" என்றாள்.

அன்று இரவு வீட்டில் பஞ்சாயத்து. குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான் மகன். மருமகளும் அதையே சொன்னாள். தப்பென்று சொல்ல மாட்டேன், பிள்ளையைப் பெற்றவர்கள். நான் மட்டும் ஒரு மாதம் தவணை கேட்டேன். காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

1986இல் அம்பத்தூர் ஓ.டி.யில் வாடகை வீட்டில் இருந்தபோது நான் ஓர் அல்சேஷன் வளர்த்தேன். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். குரைத்தால் அடி. அந்தக் காலத்து நாய்ப் பயிற்சியே அப்படித்தான். 1910இல் புத்தகம் எழுதிய கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மன் போலீஸ் அதிகாரியிலிருந்து வந்த முறை: இழு, அடி, பணிய வை. எனக்கு வகுப்பிலும் பிரம்புதான், வீட்டிலும் பிரம்புதான். இரண்டு வருடத்தில் அது யாரைப் பார்த்தாலும் பாய்கிற நாயாகிவிட்டது. குடோன் வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். வண்டியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு ஒரு முறைகூட நான் போய்ப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை பிரம்பு இல்லை. குட்டி காலைக் கவ்வ வந்தால் நாங்கள் அப்படியே மரம் மாதிரி நின்றுவிடுவோம். ஓடாத ஆட்டை எந்த நாயும் துரத்தாது. நின்றதும் தேங்காய்நார்க் கயிற்றை எடுத்து வாயில் கொடுப்போம். கூப்பிட்டு வந்தால் அவித்த கோழித் துண்டு ஒன்று. குழந்தையையும் குட்டியையும் தனியே விடுவதில்லை. ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கினால் பார்வோ வந்துவிடும் என்றார் டாக்டர். அதற்காக வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் உலகத்தைப் பார்த்துப் பயப்படும் நாயாகிவிடும். குட்டி மனதில் உலகம் பதிவதெல்லாம் முதல் மூன்று நான்கு மாதத்தில்தான். ஆகவே தினமும் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மின்சார ரயில், மார்க்கெட், ஹெல்மெட் போட்டவர், பர்தா போட்டவர், மேளக்காரர் எல்லோரையும் தோளில் இருந்தபடியே பார்த்தான். ஆவடி ஸ்டேஷன் வாசலில் பூக்கட்டும் அம்மா என்னைப் பார்த்து, "பேரனா சார்?" என்று கேட்டது தனிக்கதை.

பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். காலையும் மாலையும் காம்பவுண்டு ஓரமாக நாங்கள் இருவரும் சுற்றுவோம். அவசரமில்லாத நடை. கேட்டுக்கு வந்ததும் உட்கார வேண்டும். அவ்வளவுதான். பத்தே நாளில் அவனே முன்னால் நடந்தான். ஒரு மாதத் தவணை முடிந்த அன்று யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மருமகள் அவனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

பெயரைச் சொல்லவில்லையே. பேத்தி சிம்பா என்றாள். நான் கோவிவன் என்றேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம், வட்டெழுத்து. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்ட கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் எழுவதற்கும் முந்தைய கல்! எருமை காத்தவனும் அவன் நாயும் எழுத்தில் பெயரோடு நிற்கிறார்கள். தென் மாவட்டத்துக் கீதாரிகள் அறுப்புக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போடும்போது இன்றும் இரவுக் காவல் நாய்தான். நம் நாட்டு மந்தை நாய் பெரும்பாலும் ஓட்டுவதில்லை, காக்கிறது.

இந்தக் கல்லைப் பற்றி நான் வகுப்பிலேயே நடத்தியிருக்கிறேன். நடத்திவிட்டு, அதே பீரியடில் அந்த வசவையும் சொல்லியிருப்பேன்.

1994 வாக்கில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். தினமும் தாமதம். அம்பத்தூர் ஏரியில் எருமைகளை விட்டுவிட்டுத்தான் வருவான், சட்டையில் சேறு இருக்கும். ஒரு ஞாயிறு மாலை நான் அந்தப் பக்கம் போனபோது கரையில் நின்றிருந்தான். பதினோரு எருமை, கழுத்துவரை தண்ணீரில். ஒரு சீழ்க்கை அடித்தான், ஒரு கிழட்டு எருமை மட்டும் எழுந்தது. "சார், இந்தக் கிழவி எழுந்தா போதும், மத்ததெல்லாம் பின்னாடியே வந்துடும்" என்றான். வந்தன. நாற்பத்தைந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தத் தொண்டை வற்றக் கத்துகிறவன் நான். பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் திங்கள். தாமதமாக வந்தான். எல்லோர் முன்னாலும் அதே வார்த்தையைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. பத்தாம் வகுப்புக்கு அவன் வரவில்லை.

பெயரை இங்கே எழுதவில்லை, அந்த வருடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். உங்களில் யாருக்காவது அவனோடு தொடர்பு இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். நானே போய்ப் பார்க்கிறேன். நாயையும் அழைத்துக்கொண்டு போவேன், அவன் என்ன சொல்கிறான் என்று கேட்க வேண்டும்.

மணி ஐந்தரை. கோவி கேட் பக்கம் நின்று என்னையே பார்க்கிறான். ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன்.