திருமணத்தின் நோக்கம்: பிரித்தானியக் குடிவரவு நேர்முகமும் 1980 – 1997 காலப்பகுதியின் ‘முதன்மை நோக்க’ விதியும்

பேச்சுத் திருமணம் செய்துகொண்ட ஒருவனை நோக்கி, “இப்பெண்ணை ஏன் மணந்தீர்?” என வினவினால் அவன் கூறக்கூடிய விடைகள் சிலவே. பெற்றோர் பார்த்தனர், அறிந்த குடும்பம், பொருத்தம் இருந்தது, தனக்கும் பிடித்திருந்தது. தென்னாசியாவின் எந்த ஊரிலும் இவ்விடை ஐயத்துக்கு இடமளிப்பதன்று. ஆயின், 1980ஆம் ஆண்டு தொடக்கம் 1997ஆம் ஆண்டு வரை புதுடில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் டாக்காவிலும் இருந்த பிரித்தானிய விசா அலுவலகங்களில் இதே விடை, கணவன் ஒருவனின் விண்ணப்பத்தை நிராகரிப்பதற்குத் தொடக்கப் புள்ளியாய் அமையக்கூடியதாயிற்று. மனைவி பிரித்தானியாவிற் பிறந்து வளர்ந்தவளாயிருக்கலாம். திருமணம் சட்டப்படி செல்லுபடியானதாயிருக்கலாம். இருவரும் ஒன்றாய் வாழ விரும்புவதில் எவருக்கும் ஐயம் இல்லாதிருக்கலாம். இவையாவும் இருந்தும் கணவனுக்கு அனுமதி மறுக்கப்படலாம் என்பதே அக்காலத்து விதி.

இவ்விதி தோன்றிய சூழலை விளங்கிக்கொள்வதற்கு இரு பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1962ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் தொழில் தேடி வருவோரைக் கட்டுப்படுத்தியபோதும், முன்னரே அங்கு குடியேறியிருந்த ஆண்களின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் உட்புகும் உரிமையை விட்டுவைத்தது. கதவு முற்றாக மூடப்படவில்லை. ஆனால், அக்கதவருகே வினாக்கள் பெருகின. 1969ஆம் ஆண்டு தொடக்கம் இக்குடும்பத்தினர் புறப்படுமுன்னரே தத்தம் நாட்டில் நுழைவுச் சான்றிதழ் பெறுதல் கட்டாயமாக்கப்பட்டது. அதன் விளைவாக, முடிவு செய்யும் இடம் லண்டன் விமான நிலையத்திலிருந்து டாக்காவின் நேர்முக அறைக்கு இடம்பெயர்ந்தது. சிலெற் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்த மனைவியர் நேர்முகத்துக்கான நாளுக்காக மாதக்கணக்கில் அன்றி, ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர்.

நேர்முகத்தின் முறை எளிமையானது. கணவன், மனைவி, பிள்ளைகள், சிலவேளை உறவினர் ஆகியோர் தனித்தனியே வினவப்பட்டனர். வீட்டில் எத்தனை அறைகள், கிணறு எப்பக்கம், மாடுகள் எத்தனை, திருமணத்துக்கு வந்தோர் யார் யார் என்றவாறு வினாக்கள் நீண்டன. விடைகள் ஒப்பிடப்பட்டன, முரண்பாடு காணப்படின் உறவே பொய்யென முடிவு கட்டப்படலாம். எழுத்தறியாத ஒரு பெண், அந்நிய மொழியில், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வாயிலாக, தன் வீட்டைத் தானே நிரூபிக்கவேண்டிய நிலை இது. பத்தாண்டுகளாகக் கணவன் இடையிடையே மட்டும் வந்துபோன வீட்டைப் பற்றி இருவரும் ஒரே விதமாகச் சொல்லாதது இயல்பு. மாறாக, எல்லோரும் ஒரே சொல்லில் விடை கூறினால் மனனம் செய்து வந்தனர் என்னும் ஐயம் எழும்.

இம்முறை பிரித்தானியரின் கண்டுபிடிப்பு அன்று. 1910 தொடக்கம் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் அமெரிக்கக் குடிவரவு உத்தியோகத்தர் சீனரிடம் இதனையே கையாண்டனர். சீனத் தொழிலாளர் விலக்கப்பட்டிருந்த அக்காலத்தில் வணிகரின் மனைவியர் உட்புகலாம் என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1900ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே, தான் வணிகனின் மனைவி என்பதை ஒரு பெண் மெய்ப்பிக்கவேண்டியிருந்தது. ஊரில் வீடுகளின் வரிசை, அயலவரின் பெயர்கள், படிக்கட்டுகளின் தொகை என்பன அங்கும் கேட்கப்பட்டன. உண்மையான குடும்பத்தவர்கூடக் குறிப்பேடுகளை மனனம் செய்தே கப்பலேறினர். கரை தெரியுமுன் அவற்றைக் கடலில் எறிந்தனர். உண்மை கூறுவோர் உண்மையையே பாடமாக்கவேண்டி வந்தமை இத்தகைய விசாரணையின் தன்மையை நன்கு உணர்த்துகின்றது.

டாக்காவின் ‘முரண்பாட்டுச் சோதனை’ எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்னும் வினாவுக்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1985ஆம் ஆண்டில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெஃப்ரிஸ் என்பாரின் மரபணு அடையாள முறை, குடிவரவு வழக்கொன்றில் முதன்முதலாகப் பயன்பட்டது. கானாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் தன் தாயின் மகனே என்பது அதனால் உறுதியாயிற்று. அதன்பின், முன்னர் ‘உறவில்லை’ என நிராகரிக்கப்பட்ட வங்காளதேசக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் உண்மையான பிள்ளைகளே என்பது தெரியவந்தது. பலருக்கு அது காலங்கடந்த நிரூபணம். அவர்கள் பதினெட்டு வயதைத் தாண்டியிருந்தனர்.

இரத்த உறவை ஆய்வுகூடம் நிறுவலாம். நோக்கத்தை எந்த ஆய்வுகூடமும் நிறுவ முடியாது. கணவர்மாரைப் பொறுத்தவரை பிரித்தானியா தெரிந்தெடுத்தது இந்த இரண்டாவது களத்தையே.

மனைவி கணவன் இருக்குமிடத்திற்குச் செல்பவள் என்பது அந்நாட்டுக் குடிவரவுச் சிந்தனையின் அடிப்படையாய் இருந்தது. ஆகவே அங்கு குடியேறிய ஆண் தன் மனைவியை அழைக்கலாம். அங்கு குடியேறிய பெண் கணவனை அழைப்பது சலுகை மட்டுமே. அச்சலுகையை 1969இல் தொழிற்கட்சி அரசு மட்டுப்படுத்தியது. 1974இல் உள்நாட்டலுவல்கள் அமைச்சர் ரோய் ஜென்கின்ஸ் மீள வழங்கினார். 1977இல் போலித் திருமணங்களைத் தடுக்கும் விதி சேர்க்கப்பட்டது. 1979ஆம் ஆண்டுத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 1974ஆம் ஆண்டுச் சலுகையை நீக்குவதாக வாக்குறுதியளித்து வென்றது. அதே ஆண்டின் தொடக்கத்தில், மணம் முடிப்பதற்காக வந்த இந்திய ஆசிரியை ஒருவர் ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னிமைப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்ட செய்தி வெளியாகிப் பெருங் கண்டனத்தை எழுப்பியிருந்தது. மணமாகப்போகும் பெண்ணுக்கு முன்கூட்டிய சான்றிதழ் வேண்டியதில்லை, மனைவிக்கு வேண்டும் என்னும் வேறுபாட்டிலிருந்தே அந்த இழிசெயலுக்கு நியாயம் தேடப்பட்டது. அது ஒற்றைச் சம்பவமன்று. இந்தியாவிலிருந்த பிரித்தானிய அலுவலகங்களில் குறைந்தது 80 பெண்கள் இவ்வாறு பரிசோதிக்கப்பட்டனர் என்பதைப் பிற்காலத்தில் வெளிவந்த அரச ஆவணங்கள் காட்டின.

1980 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் கணவனை அழைக்கும் வாய்ப்பை, தானோ தன் பெற்றோருள் ஒருவரோ ஐக்கிய இராச்சியத்திற் பிறந்த குடியுரிமைப் பெண்ணுக்கு மட்டுமே உரியதாக்கின. மேலும், பிரித்தானியாவுக்குள் நுழைவதே திருமணத்தின் முதன்மை நோக்கம் என நம்புவதற்குக் காரணமிருப்பின் உத்தியோகத்தர் அனுமதி மறுக்கலாம் என்றன. 1983 பெப்ரவரியில் இவ்விதிகள் மாற்றப்பட்டன. பிறப்பிடத்தைப் பொருட்படுத்தாது பிரித்தானியக் குடியுரிமையுடைய எந்தப் பெண்ணும் கணவனை அழைக்கலாம் எனக் கதவு சற்றுத் திறந்தது. அதே வேளையில், நிரூபிக்கும் பொறுப்பு உத்தியோகத்தரிடமிருந்து விண்ணப்பதாரியிடம் மாற்றப்பட்டது. ஒரு வாசகத்தின் இம்மாற்றமே இவ்வரலாற்றின் திருப்புமுனை. அதுவரை உத்தியோகத்தர் ஐயத்துக்குக் காரணம் காட்டவேண்டியிருந்தது. இனி, தன் மனத்தில் இல்லாத ஒன்று இல்லை என்பதைக் கணவன் காட்டவேண்டியிருந்தது.

இல்லாமையை நிரூபிப்பது எவ்வாறு? நேர்முகத்தின் வினாக்கள் இங்கேதான் கூர்மை பெறுகின்றன. திருமணப் பேச்சை முதலில் எடுத்தவர் யார்? எங்கே வாழ்வதென எப்பொழுது முடிவு செய்யப்பட்டது? மனைவி உமது நாட்டுக்கு வந்து வாழ்ந்தால் என்ன? பிரித்தானிய அனுமதி கிடைக்காதெனத் தெரிந்திருந்தால் இவளை மணந்திருப்பீரா? கடைசி வினாவை நோக்குக. ‘ஆம், மணந்திருப்பேன்’ என்றால், அவ்வாறாயின் இங்கேயே வாழலாமே என்பது மறுமொழி. ‘இல்லை’ என்றால் நோக்கம் வெளிப்பட்டுவிட்டது. ‘பெற்றோரிடம் கேட்கவேண்டும்’ என்பான் உண்மையான பேச்சுத் திருமணத்து மணமகன். அது தயக்கமாகக் குறிக்கப்படலாம். பிரித்தானியாவில் தொழில் வாய்ப்பு உண்டு, மனைவிக்கு அங்கே வேலை உண்டு என நேர்மையாகக் கூறியவன், தன் வாயாலேயே தனக்கெதிரான சான்றை அளித்தவனானான். நெடிய நேர்முகத்தின் இறுதியில், கணவன் எதிர்பார்த்த போலித்தன வினாக்களுக்கு நன்கு விடையளித்தும், எதிர்பாராத ஒரு சொல்லினால் தோற்கலாம். நிராகரிக்கப்படுவோமோ என்னும் அச்சம் குற்றமுள்ளோருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வழமை பற்றிய வாதம் தனித்து ஆராயத்தக்கது. இந்திய மரபிற் பெண்ணே கணவன் வீடு செல்பவள். ஆகவே ஆண் பெண்ணின் நாட்டுக்குச் செல்ல விரும்புவது மரபுக்கு மாறானது. மாறாக நடப்பின் குடிவரவே நோக்கம் என்பது உத்தியோகத்தர் பலர் கைக்கொண்ட தர்க்கம். ஒரு துணைக்கண்டத்தின் பல்வேறு வழக்கங்களைப் பஞ்சாபின் ஒரு வழக்கத்துக்குள் அடக்கும் அறியாமை இது. சீதன வீட்டில் மகள் வாழ, மருமகன் அங்கு வந்து குடியிருக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்திற் பலகாலம் நிலவியது. அதனை எவரும் மரபுமீறல் எனக் கருதியதில்லை. அத்தோடு, மரபு என்பது காலத்தோடு இயங்குவது. பெண் லண்டனில் உழைக்க, ஆண் ஜலந்தரில் வேலை தேடும் நிலையில் எவர் எவரிடம் செல்வது என்பதைப் பாட்டியின் காலத்து வழக்கம் தீர்மானிப்பதில்லை.

நிராகரிப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமை இருந்தது. ஆனால் மேன்முறையீடு பிரித்தானியாவிலேயே விசாரிக்கப்பட்டது. எவருடைய நோக்கம் வழக்கின் பொருளோ, அவர் அங்கு இல்லை. நடுவர் முன் இருந்தவை நேர்முகக் குறிப்புகளும் உத்தியோகத்தரின் விளக்க அறிக்கையும் மனைவியின் சாட்சியமுமே. கணவனின் குரல், அவனை நம்பாதவர் எழுதிய தாளில் மட்டும் ஒலித்தது.

நீதிமன்றங்கள் தொடக்கத்தில் இவ்விதிக்குத் துணைநின்றன. 1985ஆம் ஆண்டு பாட்டியா வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், இருவரும் நிரந்தரமாக ஒன்றாய் வாழ எண்ணியுள்ளனர் என்பது வேறு, திருமணத்தின் நோக்கம் வேறு என்றது. திருமணம் உண்மையானது என்பது மட்டும் போதாதென அது தெளிவாயிற்று. அடுத்த ஆண்டின் குமார் வழக்கில் சிறிது நெகிழ்வு தோன்றியது: தம்பதியரின் அன்பும் தொடர்ந்த வாழ்வும் நோக்கத்தின்மீது ஒளி வீசக்கூடியன என ஏற்கப்பட்டது. 1988இல் ஹோக், சிங் ஆகியோரின் வழக்கு, பிரித்தானியாவில் வாழ விரும்புவதை ஒருவன் ஒப்புக்கொள்வதனால் மட்டும் அதுவே முதன்மை நோக்கம் ஆகிவிடாது என வழிகாட்டியது. இதன்பின் கடிதங்கள், தொலைபேசிக் கட்டணச் சீட்டுகள், மனைவி சென்றுவந்த பயணச்சீட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது தம்பதியரின் கடமையாயிற்று. காதற்கடிதம் சட்டத்தரணியின் கோவைக்கு உரிய ஆவணமாயிற்று.

ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1985 மே 28ஆந் திகதி வழங்கிய தீர்ப்பு இவ்வரலாற்றின் முரண்நகை மிக்க கட்டம். அப்துல்அஸீஸ், கபாலெஸ், பல்கந்தாலி என்னும் மூன்று பெண்கள் 1980ஆம் ஆண்டு விதிகளின்கீழ்த் தம் கணவர்மார் மறுக்கப்பட்டமைக்கு எதிராக முறையிட்டனர். தம்பதியர் தாம் விரும்பும் நாட்டிற் குடியிருப்பதற்கான பொதுவான கடப்பாடு எதனையும் அரசின்மீது குடும்ப வாழ்வுரிமை சுமத்தவில்லை என்றது நீதிமன்றம். இனப் பாகுபாடும் இல்லை என்றது. ஆயின் ஆண்கள் மனைவியரை அழைப்பதற்கும் பெண்கள் கணவர்மாரை அழைப்பதற்கும் இடையே காட்டப்பட்ட வேற்றுமை பாற்பாகுபாடு எனக் கண்டது. பெண்கள் வென்றனர். அரசு சில மாதங்களில் வேற்றுமையை நீக்கியது: கணவருக்கு இருந்த சோதனைகளை மனைவியருக்கும் விரித்ததன் மூலம்! சமத்துவம், உரிமையை உயர்த்துவதால் அன்றித் தடையைப் பொதுவாக்குவதால் எய்தப்பட்டது.

இவ்விதி கட்டாயத் திருமணங்களிலிருந்து ஆசியப் பெண்களைக் காப்பதாகச் சிலர் வாதிட்டனர். கட்டாயத் திருமணம் என்னும் கொடுமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நேர்முகத்தில் வினவப்பட்டது மனைவியின் சம்மதம் அன்று, கணவனின் பயண நோக்கம். விரும்பி மணந்தவளும் வற்புறுத்தப்பட்டவளும் ஒரே நிராகரிப்புக் கடிதத்தையே பெற்றனர். கணவனோடு வாழ விரும்பின் அவன் நாட்டுக்குச் செல்லலாம் எனப் பிரட்போர்ட்டிலோ சவுத்தோலிலோ பிறந்த பெண்ணுக்குக் கூறப்பட்டபோது, அவளது குடியுரிமையின் பெறுமதி வெள்ளை இனத்து அயலவளின் குடியுரிமையினும் குறைந்தது என்பதையே அவள் விளங்கிக்கொண்டாள்.

விதியின் பிடியைத் தளர்த்தியதும் ஐரோப்பாவே. 1992 யூலையில் சுரீந்தர் சிங் வழக்கில் ஐரோப்பிய சமூக நீதிமன்றம், வேறொரு உறுப்பு நாட்டிற் தொழில் புரிந்து திரும்பும் பிரித்தானியக் குடிமகளின் கணவன் ஐரோப்பிய சட்டத்தின்கீழ் அவளோடு உட்புகலாம் எனத் தீர்ப்பளித்தது. இதனால் விந்தையான நிலை உருவாயிற்று. லண்டனில் வாழ்ந்த பெண் தன் கணவனை லண்டனுக்கு அழைக்க முடியாது. சிலகாலம் டப்ளினிலோ பெர்லினிலோ வேலை செய்துவிட்டு வந்தால் முடியும். 1997 மேயில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசில் உள்நாட்டலுவல்கள் அமைச்சரான ஜாக் ஸ்ட்ரோ, யூன் மாதத்தில் முதன்மை நோக்க விதியை நீக்குவதாக அறிவித்தார்.

பதினேழு ஆண்டுகள் நின்ற வினா மறைந்தது. வேறு வினாக்கள் நின்றன. இருவரும் சந்தித்திருக்கவேண்டும், ஒன்றாய் வாழும் எண்ணம் வேண்டும், அரச நிதியை நாடாது வாழ வழி வேண்டும் என்பன தொடர்ந்தன. இவற்றுட் கடைசி நிபந்தனையே பின்னர் பருத்தது. 2012 யூலையில், அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண் ஈட்டவேண்டும் என விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அது 29,000 ஆயிற்று. கணவன் வந்தபின் ஈட்டக்கூடிய ஊதியம் பொதுவிதியாகக் கணக்கிற் கொள்ளப்படுவதில்லை. டாக்காவில் எத்தனை மாடுகள் எனக் கேட்ட மேசையில் இப்பொழுது மனைவியின் சம்பளச் சீட்டுகள் வைக்கப்படுகின்றன. பகுதிநேரம் உழைத்துக் குழந்தையையும் பார்க்கும் பெண்ணின் சீட்டில் அத்தொகை இருப்பதில்லை.