ஒரு வரி மாறினால் 1 ஜிபி ஃபைலையும் மறுபடி அனுப்பணுமா?

திருப்பதி மாவட்டத்தின் வரதய்யபாளையம், சத்தியவேடு மண்டலங்களில் விரிந்து கிடக்கிறது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். அங்கே வேலை பார்த்துக்கொண்டு, தினமும் வெளிநாட்டு சர்வருக்கு ஃபைல் அனுப்புகிறவரா நீங்கள்? அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால், 1 ஜிபி ஃபைல் போய்ச் சேர 13 நிமிடத்துக்கும் மேல் ஆகும். அதில் மாறியது 5 எம்பி மட்டும்தான் என்றால்? அதை மட்டும் அனுப்ப 4 நொடி போதும். வேகமான இணைப்புக்குப் பணம் கட்டும் முன், அனுப்பும் அளவைக் குறைக்க முடியுமா என்று பாருங்க.

மாறியது எது என்று எப்படித் தெரியும்?

இதற்கான கருவிதான் ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் 1996-ல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. சர்வர் தன்னிடம் உள்ள பழைய ஃபைலைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் செக்சம் என்ற அடையாள எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும். உங்கள் கணினி புதிய ஃபைலில் அந்தத் துண்டுகளைத் தேடும். கிடைக்காத பகுதி மட்டும் நெட்டில் போகும். நடுவில் ஒரு வரி சேர்த்திருந்தாலும் இது வேலை செய்யும். ஆனால் இரண்டு பக்கமும் ஆர்சிங்க் இருக்க வேண்டும்.

அப்படியும் மெதுவாக இருக்கே, ஏன்?

* தேதி தொலைந்திருக்கலாம்: ஃபைலின் அளவும் திருத்திய நேரமும் ஒன்றாக இருந்தால் ஆர்சிங்க் அதைத் தொடாது. '-ஏ' போடாமல் அனுப்பினால் நேரம் மாறிவிடும். அடுத்த முறை எல்லா ஃபைலையும் மறுபடி ஆராயும்.
* ஜிப் செய்திருக்கலாம்: உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அதற்குப் பிந்தைய பகுதி பெரும்பாலும் வேறாகிவிடும். பிரித்தே அனுப்புங்க.
* சுருக்காமல் அனுப்பலாம்: சிஎஸ்வி, லாக் போன்றவற்றுக்கு '-இசட்' உதவும். படம், வீடியோவுக்குப் பயனில்லை, அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.
* பாதியில் நெட் போகலாம்: '--பார்ஷியல்' போட்டால், பெரிய ஃபைலில் வந்த வரைக்கும் அங்கேயே இருக்கும், முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

எதில் கவனம் தேவை?

'--டெலீட்' போட்டால், உங்களிடம் இல்லாத ஃபைல்கள் சர்வரிலும் அழிந்துவிடும். ஃபோல்டர் பெயரை மாற்றிக் கொடுத்தால் வேலையே போச்சு. முதலில் '-என்' போட்டு ஒத்திகை பாருங்க; எது போகும், எது அழியும் என்ற பட்டியல் வேண்டுமென்றால் '-வி'-யும் சேருங்க. அதைப் படித்த பிறகு உண்மையான கட்டளையைக் கொடுங்க.