செறிவூட்டிய பால்

செறிவூட்டிய பால் என்பது கொழுப்பு நீக்காத பாலில் பால்தூள் கலந்து வீட்டிலேயே தயாரிக்கப்படும் ஊட்டப் பானம் ஆகும். ஐக்கிய இராச்சியத்தில், நோயாலோ முதுமையாலோ எடை குறைந்தோருக்கு உணவியலாளர்கள் இதனைப் பரிந்துரைக்கின்றனர். பசி குன்றியோரால் மிகுதியாக உண்ண இயலாது. எனவே பருகும் அளவைக் கூட்டாமல் ஆற்றலையும் புரதத்தையும் கூட்டுவதே இதன் நோக்கம்.

செய்முறை

கொழுப்பு நீக்கிய பால்தூள் 50 கிராமைச் சிறிது பாலில் கட்டியின்றிக் குழைத்து, எஞ்சிய பாலுடன் கலக்க வேண்டும். மொத்தப் பால் 500 மில்லிலிட்டர். இதனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அப்படியே பருகலாம், தேநீர், கஞ்சி ஆகியவற்றிலும் சேர்க்கலாம்.

ஊட்ட அளவு

500 மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 320 கிலோகலோரி ஆற்றலும் 17 கிராம் புரதமும் உள்ளன. பால்தூள் சேர்த்தபின் இவை முறையே 500 கிலோகலோரி, 35 கிராம் என உயர்கின்றன.

எச்சரிக்கை

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதனைத் தரலாகாது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரின் அறிவுரை பெற்றே பருக வேண்டும்.