ஆண் பல்லியா, பெண் பல்லியா? வளர்ப்பவர்களே குழம்பிப்போவது ஏன்? முழு விளக்கம்

'ஆண்' என்று சொல்லி வாங்கிய பல்லி, ஒருநாள் காலையில் இரண்டு முட்டை போட்டு வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் கெக்கோ வகைப் பல்லி வளர்ப்பவர்களுக்கு இது பழக்கமான அதிர்ச்சி. கடைக்காரர் சொன்னார், நாமும் நம்பினோம், பேரும் வைத்தாச்சு. அப்புறம்தான் விஷயம் தெரியவருகிறது.

நாய், பூனை என்றால் பார்த்ததும் சொல்லிவிடலாம். பல்லியில் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்? தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்? பார்க்கலாம்.

எந்தப் பல்லி இது?

செல்லப்பிராணியாக அதிகம் வளர்க்கப்படும் பல்லிகளில் ஒன்று, லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பில் சிறுத்தைபோல் கரும்புள்ளிகள் இருப்பதால் இந்தப் பெயர். பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பகுதிகள். நம்ம வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. இதற்கு இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். சுவரில் ஏறாது. நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 வருடங்கள் வரை வாழும்.

எங்கே பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்?

நிறம், தலையின் அளவு, சுறுசுறுப்பு இதையெல்லாம் வைத்துச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய இடம் வயிற்றுப்பக்கம், வால் தொடங்கும் இடம். அங்கே இரண்டு அடையாளங்கள்:

• துளை வரிசை: வளர்ந்த ஆணுக்குக் கழிவுத்துளைக்குச் சற்று மேலே, தலைகீழ் 'V' வடிவத்தில் சிறு துளைகள் வரிசையாக இருக்கும். அதிலிருந்து மெழுகு மாதிரி ஒரு பொருள் சுரக்கும்.

• வீக்கம்: ஆண் பல்லிக்கு இனப்பெருக்க உறுப்பு ஒன்று அல்ல, இரண்டு. இரண்டும் வாலின் அடிப்பகுதிக்குள் மடங்கி இருப்பதால், கழிவுத்துளைக்குக் கீழே இருபக்கமும் புடைப்பாகத் தெரியும்.

பெண்ணுக்கு அந்த இடம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். கேட்க ரொம்ப சுலபமாக இருக்கிறதல்லவா? சிக்கல் இனிமேல்தான்.

அப்போ ஏன் தப்பாகிறது?

முதல் காரணம் வயது. முட்டையிலிருந்து வந்த குட்டியின் எடை சுமார் 3 கிராம்தான். அந்த வயதில் ஆணுக்கும் வீக்கம் இருக்காது. சில மாதங்கள் போன பிறகே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கடைகளில் அதிகம் விற்பது குட்டிகள்தான்.

இரண்டாவது காரணம், பெண்ணுக்கும் அதே இடத்தில் மங்கலான குழிகள் இருக்கும். சுரப்பு இருக்காது, ஆழம் இருக்காது. ஆனால் செல்போனில் எடுத்த மங்கலான போட்டோவில் அது துளை மாதிரியே தெரியும். இன்னொரு பக்கம், இளம் ஆணின் துளைகள் தெளிவாக இல்லாததால் அது பெண் என்று விற்கப்பட்டுவிடும்.

அனுபவசாலிகள் நகைக்கடையில் கல் பார்க்கப் பயன்படுத்தும் லூப் என்ற சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார்கள். அதில் குட்டியிலேயே ஓரளவு சொல்ல முடியும். ஆனாலும் 'இதுதான்' என்று அடித்துச் சொல்ல, பல்லி வளரும்வரை காத்திருக்க வேண்டும்.

சரி, டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துடலாமே?

கிளிகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு இறகோ ஒரு சொட்டு ரத்தமோ போதும், ஆணா பெண்ணா என்று லேபில் சொல்லிவிடுவார்கள். காரணம், பறவைகளுக்குப் பாலினத்தை முடிவு செய்யும் குரோமோசோம்கள் இருக்கின்றன.

லெப்பர்ட் கெக்கோவிடம் இது நடக்காது. மனிதர்களுக்கு இருக்கும் எக்ஸ், ஒய் மாதிரியான பாலின குரோமோசோம்களே இதற்குக் கிடையாது. அப்படியென்றால் ஆணா பெண்ணா என்பதை எது முடிவு செய்கிறது? முட்டை இருக்கும் இடத்தின் சூடு!

வெப்பநிலைக் கணக்கு இதுதான்:

• சுமார் 26 டிகிரி செல்சியஸ்: ஏறக்குறைய எல்லாமே பெண்
• சுமார் 30 டிகிரி: இரண்டும் வரும், பெண் அதிகம்
• சுமார் 32.5 டிகிரி: ஆண் அதிகம்
• 34 டிகிரிக்கு மேல்: மறுபடியும் பெரும்பாலும் பெண்

அதாவது சூடு ஏற ஏற ஆண் என்று நேர்கோட்டில் போகாது. குறைந்த சூட்டிலும் பெண், மிக அதிக சூட்டிலும் பெண், நடுவில்தான் ஆண்.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. அதிக சூட்டில் பொரிந்த பெண் பல்லிகள், ஆண்களைப்போல் முரட்டுத்தனமாக நடந்துகொண்டதாகவும், முட்டையிடாமல் போனதாகவும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1988இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 'சண்டை போடுது, அப்போ ஆண்தான்' என்று குணத்தை வைத்து முடிவெடுப்பது ஏன் தப்பு என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தக் கணக்கை வைத்துச் சிலர், 'குறைந்த சூட்டில் பொரித்தது, அதனால் இது பெண்' என்று சொல்லிக் குட்டிகளை விற்கிறார்கள். அது வாய்ப்புதான், உத்தரவாதம் அல்ல. இன்குபேட்டரில் சூடு ஏறி இறங்கினால் கணக்கும் மாறிவிடும்.

தப்பானால் என்ன ஆகும்?

ஆணோ பெண்ணோ, செல்லம் செல்லம்தானே என்று விட்டுவிட முடியாது. பல்லியின் உயிரே இதில் இருக்கிறது.

இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் கடுமையாகச் சண்டை போடும். கடித்துக் குதறிக்கொள்ளும், வால் போகும், சில சமயம் உயிரே போகும்.

இரண்டும் பெண் என்று நினைத்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சேர்த்து விட்டால், பெண் ஒரு பருவத்தில் பலமுறை, ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். ஆணைப் பிரித்த பிறகும், உடம்பில் சேமித்த விந்தணுவை வைத்துக் கருவுற்ற முட்டை இடக்கூடும். முட்டை ஓட்டுக்கான கால்சியம் தாயின் உடம்பிலிருந்து போகிறது. உணவில் அது சரியாகக் கிடைக்காவிட்டால் எலும்பு வலுவிழந்து வளைந்துவிடும்.

மூன்றாவது ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. தனியாக வளரும் பெண்ணும், ஆண் துணை இல்லாமலேயே கருவுறாத முட்டை உருவாக்கும். நீங்கள் அதை ஆண் என்று நினைத்திருந்தால் முட்டையிட ஈரமான இடம் வைத்திருக்க மாட்டீர்கள். முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பதைப் பார்த்து, 'ஆணுக்கு வேறென்ன நோய்' என்று தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

மற்ற பல்லிகளில் எப்படி?

நியூ கலிடோனியா தீவைச் சேர்ந்த கிரெஸ்டட் கெக்கோ, அழிந்துவிட்டதாக நினைக்கப்பட்டு 1994இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகம் முழுக்க வளர்ப்புப் பல்லி. இதிலும் குட்டிகளைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஆண் என்று உறுதியாகத் தெரியும்வரை பெண்ணாகவே நினைத்துக்கொள் என்பது வளர்ப்பவர்களின் எளிய விதி.

மோர்னிங் கெக்கோ இன்னும் விசித்திரம். பசிபிக் தீவுகளிலும் இலங்கையிலும் காணப்படும் இந்தச் சிறிய பல்லிகளில் கிட்டத்தட்ட எல்லாமே பெண். ஆண் இல்லாமலேயே முட்டையிட்டுக் குட்டி பொரிக்கும்.

நம்ம வீட்டுப் பல்லி? அது கத்தினால் பலன் பார்ப்பவர்கள்கூட, ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. ஆனால் டியூப்லைட் பக்கத்தில் இருக்கும்போது கவனித்தால், சில பல்லிகளின் வயிற்றுத் தோல் வழியாக இரண்டு வெள்ளை முட்டைகள் தெரியும். சந்தேகமே வேண்டாம், அது பெண்.

செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது

• பல்லியை மல்லாக்கப் புரட்டாதீர்கள். அடிப்பகுதி தெரியும் டப்பாவில் விட்டு, கீழிருந்து தெளிவாகப் போட்டோ எடுங்கள்.

• வாலைப் பிடிக்கவே கூடாது. பயந்தால் வாலைக் கழற்றிவிடும். மீண்டும் வளர்ந்தாலும் பழைய வடிவம் வராது.

• வாலின் அடியை அழுத்தி உறுப்பை வெளியே தள்ளிப் பார்ப்பது, கம்பி நுழைத்துப் பார்ப்பது போன்ற முறைகளை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். உள்காயம் ஏற்படும்.

• ஒரே போட்டோவை வைத்து முடிவு செய்யாமல், மாதம் ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். உறுதியாகும்வரை தனிப் பெட்டியில் வையுங்கள்.

• சந்தேகம் இருந்தால் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். ஸ்கேனில் கருமுட்டைகள் தெரிந்தால் விடை கிடைத்துவிடும்.

இந்தியாவில் வளர்க்கலாமா?

காட்டில் இருக்கும் பல்லியைப் பிடித்து வந்து வளர்க்க நினைக்காதீர்கள். வடகிழக்கு மாநிலங்களில் கடத்தலுக்கு இலக்காகும் டோக்கே பல்லி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதன் சர்வதேச வணிகமும் 2019 முதல் சைட்ஸ் ஒப்பந்தப்படி கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. சைட்ஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எதையும் வாங்கும் முன் வனத்துறையிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

மொத்தத்தில், குட்டிப் பல்லியைக் காட்டி யாராவது 'நூறு சதவீதம் ஆண்' என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பல்லி வளரட்டும், அதுவே காட்டிக்கொடுக்கும். அதுவரை கால்சியமும், முட்டையிட ஒரு ஈரமான மூலையும் பெட்டியில் இருக்கட்டும்.