படித்ததற்குச் சான்று: ஜாவா உள்ளடக்கக் களஞ்சியங்களில் பயன்பாட்டுக் கணக்கின் வரலாறு

திறவுச்சொற்கள்: உள்ளடக்கக் களஞ்சியம், நிரலிடைமுகம், பயன்பாட்டுப் புள்ளிவிவரம், ஜாக்ராபிட், டிஸ்பேஸ், கவுண்டர் நெறிமுறை

முன்னுரை

நூலகப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டப்பட்டு, இரவல் தந்த நாள்கள் முத்திரையிடப்பட்ட தாள், வாசிப்பு வரலாற்றை எழுதுவோருக்கு ஓர் ஆவணம். ஒரு நூல் எந்த ஆண்டுகளில் கைமாறியது, எப்போது அலமாரியிலேயே தங்கிவிட்டது என்பதை அது காட்டும். எண்ணியல் களஞ்சியங்களில் அத்தாளின் இடத்தைப் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் பெற்றுள்ளது. ஓர் ஆய்வேடு எத்தனை முறை தரவிறக்கப்பட்டது என்னும் எண் எளிதில் மேற்கோள் காட்டப்படுகிறது. அவ்வெண் எவ்வாறு பிறக்கிறது என்பதோ அரிதாகவே வினவப்படுகிறது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஜாக்ராபிட், டிஸ்பேஸ் ஆகிய இரு களஞ்சிய மென்பொருள்களை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை அணுகுகிறது.

தரவரையறையில் இல்லாத வாசகர்

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் நிறுவனங்கள் தத்தமக்கென்று தனி நிரலிடைமுகங்களை வைத்திருந்தன. ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்துக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது. இக்குறையைப் போக்க, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த டே சாப்ட்வேர் நிறுவனத்தின் டேவிட் நியூஷலர் தலைமையில் ஜே.எஸ்.ஆர். 170 என்னும் தரவரையறை உருவாகி 2005இல் இறுதி வடிவம் பெற்றது. அதன் இரண்டாம் பதிப்பான ஜே.எஸ்.ஆர். 283 வெளிவந்தது 2009இல். அப்பாச்சி அறக்கட்டளையின் ஜாக்ராபிட், இவ்வரையறைகளுக்கான மேற்கோள் செயலாக்கமாக அமைந்தது.

இவ்வரையறையில் ‘கண்காணிப்பு’ என்றொரு பகுதி உண்டு. கணு சேர்க்கப்பட்டது, கணு நீக்கப்பட்டது, பண்பு மாற்றப்பட்டது என்பன போன்ற நிகழ்வுகளை அது அறிவிக்கும். படிக்கப்பட்டது என்றொரு நிகழ்வு அப்பட்டியலில் இல்லை. எழுதுபவரின் ஒவ்வொரு அசைவுக்கும் அறிவிப்பு உண்டு, படிப்பவருக்கு ஒன்றுமில்லை. தற்காலிகச் சேமிப்பை ஒத்திசைவித்தல், தேடல் அட்டவணையைப் புதுப்பித்தல் போன்ற பணிகளுக்கு மாற்றச் செய்தி போதுமானதாக இருந்தது என்பதே இதற்குக் காரணமாகலாம். ஆயினும் களஞ்சியத்தின் பயனை அளக்க விரும்பியோர், தரவரையறைக்கு வெளியே தாமே வழிதேட வேண்டியதாயிற்று.

ஜாக்ராபிட் 2 வரிசையில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட புள்ளிவிவர இடைமுகம் அத்தகைய ஒரு வழி. அமர்வுகளின் எண்ணிக்கை, அமர்வு வழியே நிகழ்ந்த படிப்புகள், எழுத்துகள், வினவல்கள், அவற்றுக்கு ஆன நேரம் ஆகியவற்றை அது எண்ணுகிறது. மெதுவான வினவல்களையும் மிகுதியாக வந்த வினவல்களையும் தனித்தனியே பட்டியலிடும் வசதியும் உண்டு. இங்கே ‘படிப்பு’ என்பது நிரல் ஒரு கணுவையோ பண்பையோ எடுப்பதைக் குறிக்கும். ஒரே பக்கத்தைக் காட்டுவதற்குப் பல கணுக்களையும் பண்புகளையும் எடுக்க நேரிடுவதால், இவ்வெண்ணை மனித வாசிப்பாகக் கொள்வது பிழை. சேவையகத்தின் சுமையை அறியவே இக்கருவி பிறந்தது. அப்பணியை அது செம்மையாகச் செய்கிறது.

வரலாற்று நோக்கில் கருதத்தக்கது இக்கருவியின் நினைவு. வினாடிக் கணக்கு 60 இடங்களிலும், நிமிடக் கணக்கு 60 இடங்களிலும், மணிக் கணக்கு 168 இடங்களிலும், வாரக் கணக்கு 156 இடங்களிலும் வைக்கப்படுகின்றன. இடம் நிரம்பியதும் பழைய எண்ணின் மீது புதிய எண் எழுதப்படும். எனவே மூன்றாண்டுகளுக்கு முற்பட்டது எதுவும் எஞ்சாது. அவ்வெண்கள் நினைவகத்தில் மட்டும் இருப்பதால், சேவையகத்தை நிறுத்தித் தொடங்கினால் மூன்றாண்டுகளும் எஞ்சா.

பதிவேட்டிலிருந்து நிகழ்வுக்கு

டிஸ்பேஸ் வேறொரு தேவையில் பிறந்தது. எம்.ஐ.டி. நூலகங்களும் ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய இம்மென்பொருள் 2002 நவம்பரில் வெளியிடப்பட்டது. இது ஜே.எஸ்.ஆர். வரையறையைப் பின்பற்றாமல் தனக்கென ஒரு தரவமைப்பைக் கொண்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளை ஒட்டி இன்ப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியமும் டிஸ்பேஸ் மீது அமைந்ததே. ஆகவே தமிழியல் ஆய்வேடுகள் பலவற்றின் பயன்பாட்டுக் கணக்கும் இவ்வரலாற்றோடு தொடர்புடையது.

தொடக்கப் பதிப்புகளில் புள்ளிவிவரம் என்பது பதிவுக் கோப்பை வரிவரியாகப் பிரித்து மாத அறிக்கை தயாரிப்பதாக இருந்தது. 2010இல் வந்த 1.6 பதிப்பு இம்முறையை மாற்றியது. ஒவ்வொரு பார்வையும் தரவிறக்கமும் நேரம், இணைய முகவரி, உலாவியின் பெயர், நாடு முதலிய விவரங்களுடன் தனிப்பதிவாகச் சோலர் தேடுபொறியில் சேர்க்கப்பட்டது. தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களை இனங்கண்டு குறியிடவும் முடிந்தது.

எதை ஒரு பயன்பாடு என எண்ணுவது என்னும் சிக்கலுக்கு நூலகங்களும் பதிப்பகங்களும் சேர்ந்து தேடிய விடையே கவுண்டர் நெறிமுறை. இவ்வமைப்பு 2002இல் தொடங்கப்பட்டது. ஒரே கோப்பை ஒருவர் அடுத்தடுத்துச் சொடுக்கினால் அதை ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. இதற்கான இடைவெளி முதலில் எச்.டி.எம்.எல். பக்கத்துக்கு 10 வினாடி, பி.டி.எப். கோப்புக்கு 30 வினாடி என இருந்தது. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பில் இரண்டுக்கும் 30 வினாடி ஆயிற்று. விதி மாறிய ஆண்டின் இருபுறமும் உள்ள எண்களை ஒப்பிடுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். வாசகர் குறையாமலே எண் குறைந்திருக்கலாம்.

2021 ஆகஸ்டில் வந்த டிஸ்பேஸ் 7, திரைப்பகுதியைத் தனியே பிரித்து, அனைத்தையும் ரெஸ்ட் நிரலிடைமுகத்தின் வழியே பெறுமாறு செய்தது. ஒரு பக்கம் திறக்கப் பல அழைப்புகள் எழுவதால், அழைப்புகளை எண்ணி வாசிப்பை அறியும் வழி அடைபட்டது. எனவே ‘பார்க்கப்பட்டது’ என்னும் செய்தியைத் திரைப்பகுதியே தனி அழைப்பாக அனுப்புகிறது. கோப்புத் தரவிறக்கத்தைச் சேவையகம் பதிகிறது. நிரலிடைமுகத்தை நேரடியாக அழைத்து விவரக்குறிப்புகளைத் திரட்டும் ஆய்வாளர் முந்தைய வகையில் இடம்பெறுவதில்லை. அவர் பயனாளர் அல்லர் என யாரும் முடிவு செய்யவில்லை. கட்டமைப்பு அவ்வாறு அமைந்துவிட்டது.

அடையாளம் மாறியபோது

டிஸ்பேஸின் தேடல் அட்டவணை சிதைந்தால் தரவுத்தளத்திலிருந்து மீண்டும் உருவாக்கலாம். பயன்பாட்டுப் பதிவுகளுக்கு அவ்வாறான மூலம் இல்லை. சோலரில் இருப்பதே ஒரே படி. பதிப்பு மாற்றத்தின்போது அவற்றைத் தனியே ஏற்றுமதி செய்யத் தவறிய நிறுவனத்திடம் ஆய்வேடுகள் அனைத்தும் இருக்கும். அவற்றைப் படித்தோரின் தடம் இராது.

2016இல் வந்த ஆறாம் பதிப்பு, ஒவ்வொரு பொருளுக்கும் இருந்த எண் அடையாளத்தை நீக்கி யூ.யூ.ஐ.டி. என்னும் நீண்ட அடையாளத்தைத் தந்தது. பழைய எண்களைச் சுட்டிய பயன்பாட்டுப் பதிவுகளை மாற்ற ஒரு கருவி வழங்கப்பட்டது. களஞ்சியத்திலிருந்து முன்பே நீக்கப்பட்ட பொருள்களுக்குப் புதிய அடையாளம் கிடைக்க வழியில்லை. அவற்றைச் சுட்டும் பதிவுகளில் பழைய எண் அப்படியே விடப்பட்டு, அதன் பின்னால் ‘இடம்பெயராதது’ எனப் பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல் ஒட்டப்பட்டது. எந்த ஆய்வேடு என்று அறிய இயலாவிடினும், எந்த நாளில் எந்நேரத்தில் அது திறக்கப்பட்டது என்பதை அப்பதிவுகள் இன்றும் காட்டுகின்றன.