உப்புநீர் குடித்த எஞ்சின்கள்

குமரிக் கடற்கரையில் ஒரு நல்ல எஞ்சினைக் கெடுக்க இரும்பு ஆணி ஒன்றே போதும். சிறிய அவுட்போர்டு எஞ்சினில் விசிறியைத் தண்டோடு பிணைப்பது ‘சியர் பின்’ என்ற மெல்லிய ஊசி. விசிறி பாறையிலோ மிதக்கும் கட்டையிலோ மோதினால் அது முறிந்துவிட வேண்டும். முறிவதற்காகவே அதை மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். நடுக்கடலில் அது முறிந்து, மாற்று ஊசி இல்லாதபோது, ஓர் ஆணியை வெட்டிச் செருகினால் வள்ளம் அன்றைக்குக் கரை சேர்ந்துவிடும். கரை சேர்ந்த பிறகும் ஆணி உள்ளேயே இருந்துவிட்டால்தான் வினை. அடுத்த மோதலில் ஆணி தாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையும்.

இப்படிக் கைவைத்தியம் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அறியாமை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது, ஆனால் அது நியாயமில்லை. இதே குமரி மாவட்டத்தில் சாலைக்கு எஞ்சின் வந்த விதத்தையும் கடலுக்கு வந்த விதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியது. லண்டனில் போக்குவரத்துப் பணியில் இருந்த சால்ட்டர் என்பவரை வரவழைத்து அதன் பொறுப்பை ஒப்படைத்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பேருந்து ஓடியது. சேசிஸ் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தது. உடல் பகுதியைத் துறையின் ஆட்களே கட்டினார்கள். வண்டி சாலைக்கு வந்தபோதே அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கைகளும் பணிமனையும் கூடவே இருந்தன.

கடலில் நடந்தது வேறு. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வோடு சேர்ந்து ஒப்பந்தம் செய்துகொண்டு, மறு ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரைப் பகுதியில் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கின. இன்றைய குமரி மாவட்டமும் அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள்தான் இருந்தது. நாட்டு வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்தும் முதல் முயற்சி பலிக்கவில்லை. திட்டம் துறைமுகம் தேவைப்படும் பெரிய விசைப்படகுகளின் பக்கம் திரும்பியது. அலையைக் கிழித்து ஏறி, மணலில் வந்து இறங்கும் கட்டுமரக்காரர்கள் அந்தக் கணக்கில் விடுபட்டுப்போனார்கள்.

அந்த இடைவெளியை நிரப்ப முயன்ற இடம், குமரிக் கரையிலுள்ள முட்டம். பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே, 1980களின் தொடக்கத்தில் அங்கே பிளைவுட்டில் ‘கோட்டார்கட்’ என்ற சிறுபடகை உருவாக்கினார். கட்டுமரத்தைப் போலவே அதுவும் அலையில் மூழ்காது. அதோடு எஞ்சினையும் தாங்கும். கயிற்றால் கட்டிய மரங்களின் நுனியில் எஞ்சினை மாட்ட உறுதியான இடம் இல்லை. பிளைவுட் படகில் பின்பலகை இருந்தது. இந்தப் படகு பட்ட பாடுகளை ஜில்லே 1985இல் ஆங்கில நூலாக எழுதினார். தொழில்நுட்பத்தை வெளியிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நூல் அது.

ஜப்பானிய யமஹா, சுசுகி எஞ்சின்கள் கரையெங்கும் பரவின. மண்ணெண்ணெயில் ஓடுவதால் செலவு தாங்கக்கூடியதாக இருந்தது. சிக்கலும் அந்த எண்ணெயில்தான் இருந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். அதை மறந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போகும். பிளக்கில் கரி பிடிக்கும். எஞ்சின் ஆயிலைக் கலப்பதிலும் தவறு நேர்ந்தது. குறைத்தால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் உராய்ந்து இறுகிக்கொள்ளும். பத்திரத்துக்கு என்று கூட்டி ஊற்றினால் கரி சேர்ந்து ரிங் ஒட்டிக்கொள்ளும். இறுகிய சிலிண்டரைக் கடைசல் பட்டறையில் போரிங் செய்து, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிதான பிஸ்டனைப் போட்டால்தான் எஞ்சின் மீளும். கடனில் வாங்கிய எஞ்சின் கரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்கு வருமானம் இல்லாத நாள்.

எல்லாவற்றிலும் கொடுமை, அலையில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் முழுகுவது. வெளியே எடுத்ததும் ஓடுகிறதா என்று கயிற்றை இழுத்துப் பார்க்கத்தான் கை துடிக்கும். சிலிண்டருக்குள் நீர் நின்றால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடவும் கூடும். பிளக்கைக் கழற்றி, நீரை வடித்து, நன்னீரில் கழுவி, உள்ளே எண்ணெய் விட வேண்டும். உடனே மெக்கானிக் கிடைக்காவிட்டால் எஞ்சினை நன்னீர்த் தொட்டியில் அப்படியே முழுக வைப்பது நல்லது. உப்பு ஏறிய உலோகத்தைக் காற்றுப் பட்டதும் துரு தின்னத் தொடங்கும் என்பதால், காயவைப்பதைவிட நனைத்து வைப்பதே காப்பு. தானாக யாருக்கும் தோன்றாத பாடம் இது, ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் வந்தது மீனவர் சங்கங்கள் வழியாக. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பு, படகு கட்டுவதோடு அவுட்போர்டு எஞ்சின், உதிரிபாகம், பழுதுபார்ப்பு ஆகியவற்றையும் கையில் எடுத்தது. எஞ்சினை விற்பவரே அதன் பழுதுக்கும் பொறுப்பேற்ற அந்த ஏற்பாடுதான் இந்த வரலாற்றின் சரியான திருப்பம். நீண்டகரைத் திட்டத்தின் காலத்திலேயே இப்படியொரு ஏற்பாடு இந்த மணலுக்கும் வந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஊருக்குள் புகுந்தபோது, படகோடு எஞ்சின்களும் உப்பிலும் மணலிலும் புதைந்தன. பழுதுபார்க்கும் கைகளின் அருமையை அதன் பிறகு வந்த வாரங்கள் காட்டின.

மாவட்டத்தின் மேற்கு முனையில் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் இன்று வாரக்கணக்கில் அரபிக்கடலில் தங்குகின்றன. அங்கே டீசல் எஞ்சின் நின்றால் எந்தப் பணிமனையும் எட்டாது. படகில் இருப்பவர்களேதான் அதைப் பிரித்துப் பூட்டியாக வேண்டும்.